நயினார் காரைப் பிரித்த நாள்

அமெரிக்காக்காரன் செய்த காரை இரண்டு வண்டிமாடுகள் இழுத்துக்கொண்டு வந்தன.

பொன்னேரிக்கரையிலிருந்து காஞ்சிபுரம் ரயில்வே ரோடு வரைக்கும் ஊர்வலம். முன்னால் மாடுகள், நடுவில் கப்பல் மாதிரி ஓர் இளநீல வண்டி, பின்னால் வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்த சைக்கிள்காரர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டிரைவர் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். வாகனத்தில் வரும் உற்சவர்கூட அவ்வளவு நேராக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் மாடுகள் நின்றன. அதில் ஒன்று நின்ற இடத்திலேயே சாணி போட்டது. அந்தக் காரைப் பற்றி அன்று சொல்லப்பட்ட அபிப்பிராயங்களில் அது ஒன்றுதான் யோக்கியமானது. மற்றதெல்லாம் மனிதர்கள் சொன்னது. அதில் பாதி நான் சொன்னது.

லாரி ஓட்டக் கற்றுக்கொண்ட வீரப் பிரதாபத்தைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "உமக்கு மெக்கானிக் வேலையாவது உருப்படியாகத் தெரியுமா?" என்று செய்யாற்று வாசகர் ஒருவர் கார்டு எழுதிக் கேட்டிருக்கிறார். ஐயா, கேட்டதற்கு நன்றி. கீழே படியுங்கள். பிறகு கேட்க மாட்டீர்கள்.

நத்தை

அறுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதில் கூட்டாளிகள் இரண்டு பேர். கபூர் பாய்க்கு எஞ்சினைத் தெரியும். எனக்கு எஞ்சினைப் பற்றிப் பேசத் தெரியும். ஒரு கூட்டுத் தொழிலுக்கு இது தாராளம்.

கார், திருப்பருத்திக்குன்றத்து ஜினதாச நயினாருடையது. ஜைனர், அரிசி மில் முதலாளி. மெட்ராஸில் ஏதோ வேலையாக வந்திருந்த வெளிநாட்டு எஞ்சினீயர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன வண்டியை அவர் வாங்கியிருந்தார். வாங்கிய நாளிலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல். மீதிப் பேர் அதில் ஒரு தரமாவது ஏறிவிட வேண்டும் என்று நயினாரைப் பார்த்தால் கும்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த எஞ்சினின் பக்கத்தில் ஒரு நத்தை உட்கார்ந்திருக்கும். இரும்பு நத்தை. முதல் தடவை பானெட்டைத் திறந்தபோது நான் அது ஹாரன் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் நயினாரிடம் சொல்லியும்விட்டேன்.

கபூர் பாய் இரண்டு நாள் அதையே முறைத்துப் பார்த்துவிட்டுக் கண்டுபிடித்தார். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை, போகிற போக்கில் அந்த நத்தைக்குள் ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு குட்டிச் சக்கரம். இது சுழன்று வெளிக்காற்றை இழுத்து எஞ்சினின் வாயில் திணிக்கிறது. காற்று அதிகமானால் பலம் அதிகம். டர்போ என்று பெயராம்.

"தான் வுட்ட மூச்சையே புடிச்சு, அதாலயே தன்னைத் தள்ளிக்கினு போவுது. ஷைத்தான் மூளைப்பா!" என்றார் கபூர் பாய். அவர் குரலில் அப்படியொரு மரியாதையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என்னைப் பற்றிப் பேசும்போது கேட்கும் வாய்ப்பும் வரவில்லை.

அந்தத் தண்டு சுழலுகிற வேகத்துக்கு எண்ணெய் இல்லாமல் ஒரு நிமிஷம் தாங்காது. எண்ணெய் கொண்டுபோவது ஒரு மெல்லிய செம்புக் குழாய். அது நத்தைக்குள் நுழைகிற இடத்தில் துளை இன்னும் சின்னது. கோணி ஊசிதான் போகும்.

இந்தக் குழாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு மறக்கத்தான் பார்த்தேன்.

ஊர் வைத்தியம்

சம்பவத்துக்கு மூன்று வாரம் முன்னால், அந்தக் குழாயின் மரையில் எண்ணெய் லேசாகக் கசிந்தது. கபூர் பாய் பார்த்துவிட்டு, "செம்பு வாஷர் புதுசா வெட்டணும். நான் ஆற்காட்டுலேர்ந்து வந்து செய்றேன். நீ தொடாத" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனார்.

"நீ தொடாத" என்றால் எனக்குக் கை அரிக்கும்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தறியிலிருந்து அறுத்துப் போடுகிற பட்டுநூல் கழிவு இல்லாத வீடு கிடையாது. அதனால் எங்களுக்கு எந்த வியாதிக்கும் அதுதான் மருந்து. குழாய் சொட்டுகிறதா, பட்டுநூலைச் சுற்று. மூக்குக்கண்ணாடிக் காது உடைந்ததா, பட்டுநூலைச் சுற்று. விரல் வெட்டிக்கொண்டதா, அதே. என் மாமனார் பிள்ளையார்பாளையத்தில் இரண்டு தறி வைத்திருந்தார். நான் போய்வரும்போதெல்லாம் சட்டைப்பையில் ஒரு பிடி கழிவு வரும். எதற்கு என்று கேட்கக் கூடாது. காஞ்சிபுரத்து ஆம்பிளை பையில் நூல் இல்லாமல் வெளியே கிளம்பினால் ஏதோ அம்மணமாகப் போவது போல இருக்கும்.

சுற்றினேன். மரையில் அழகாக எட்டுச் சுற்று. மேலே முடுக்கினேன். கசிவு நின்றது. எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தைச் சொல்லி மாளாது.

அதோடு விட்டேனா? ஊரிலிருந்து திரும்பிய கபூர் பாயிடம், முடுக்கினதில் கசிவு நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன். நயினார் வந்து கேட்டதும், "வெளிநாட்டு சீல் ஒண்ணு கைவசம் இருந்துச்சுங்க, போட்டுட்டேன்" என்றேன். வெளிநாட்டு சீல்! மாமனார் வீட்டுத் தறிக் குழியில் கிடந்தது!

சாவி

மாடுகளை அவிழ்த்துவிட்ட சற்று நேரத்தில் நயினார் வந்தார். வெள்ளை வேஷ்டி, வெள்ளைத் துண்டு, கையில் பித்தளைச் செம்பு. வெளியில் தண்ணீர் குடிக்க மாட்டார். வீட்டில் துணியில் வடிகட்டியதுதான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டியவர். ஸ்டூலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்.

"ஏகாம்பரம், பஸ்ஸோட போட்டி போட்டுக்கினு வந்தேன்னு சொல்றாங்க."

"இல்ல மொதலாளி. ராஜகுளம் தாண்டி சாதாரணமாத்தான் வந்துக்கினு இருந்தேன். திடீர்னு பித்தளைக் குண்டான்ல ஆணிய போட்டு குலுக்கின மாதிரி சத்தம். உடனே ஆஃப் பண்ணிட்டேன்."

"பஸ்ல வந்தவங்க பாத்தாங்களாமே."

"பஸ்ல வந்தவங்களுக்கு எல்லாம் ரேஸ் மாதிரிதான் இருக்கும் மொதலாளி. நான் என்ன பண்றது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அது நயினாருக்குப் பிடிக்கவில்லை.

"என் கண்ணெதிர்ல எஞ்சினைப் பிரிக்கட்டும். உன் தப்பு இல்லேன்னா சரி. உன் தப்புன்னா இன்னியோட மில்லை விட்டுக் கிளம்பிடு. அதுவரைக்கும் சாவிய அங்க வெச்சுடு."

ஏகாம்பரம் பதினோரு வருஷமாக அந்த வீட்டு டிரைவர். குடியிருப்பது மில்லுக்குப் பின்னால் உள்ள அறையில், மனைவியோடும் மூன்று பெண்களோடும். முதலாளி கார் எஞ்சினை உடைத்து விரட்டப்பட்டவன் என்று பெயர் வந்தால், அப்புறம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவனும் ஒரு டிராக்டரைக்கூட நம்பி ஒப்படைக்க மாட்டான். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சாவியை மட்கார்டு மேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

விற்பன்னர்கள்

பிரிக்க ஆரம்பித்தோம். அதாவது கபூர் பாய் பிரித்தார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் தப்பான ஸ்பானர்.

சுற்றி நின்றவர்களில் கார் வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை. காரணம் தெரியாதவரும் ஒருவரும் இல்லை. பெட்ரோலில் சீமை எண்ணெய் கலப்படம் என்றார் ஒருவர். திருஷ்டி என்றார் இன்னொருவர், பார்த்துப் பார்த்துத் திருஷ்டி போட்டவரே அவர்தான். சின்னக் காஞ்சிபுரத்து ரிடயர்டு சயன்ஸ் வாத்தியார் சடகோபாச்சாரியார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும்" என்றார். கூட்டம் பயபக்தியோடு தலையாட்டியது. விரிவடைந்து என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வாத்தியாரைப் பார்த்ததும் எனக்கு வேறு ஒரு பழைய கலக்கம். எட்டாம் வகுப்புப் பரீட்சையில் அவர் என் பெஞ்சை நோக்கி வந்தபோது, கையிலிருந்த பிட்டை அப்படியே மென்று விழுங்கியவன் நான். 'ஒளிச்சேர்க்கை' முழுவதும். பயம் வந்தால் சிலருக்குக் கால் ஓடும், சிலருக்குக் கண்ணீர் வரும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். தடயத்தைத் தின்றுவிடுவேன். இதை ஒரு குணம் என்று சொல்ல முடியுமா தெரியவில்லை. ஆட்டுக்கும் உண்டு.

அன்றைக்கு முதலில் திறந்தது பொய் சொல்ல. நயினார் தண்ணீரைப் போலவே எஞ்சின் எண்ணெயையும் துணியில் வடிகட்டித்தான் ஊற்றச் சொல்வார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா தப்பா நெனைக்கக் கூடாது. வடிகட்டற துணியோட பிசிறு உள்ள போயிருந்தா..."

கபூர் பாய் அடியிலிருந்த எண்ணெய்ச் சட்டியின் திருகைக் கழற்றினார். எண்ணெயை உள்ளங்கையில் பிடித்து வெயிலில் காட்டினார். நடுவில் வெள்ளியாக நாலைந்து பொடி மின்னியது. மற்றபடி நெய் மாதிரி இருந்தது.

"இத்தினி வருஷத்துல இவ்ளோ சுத்தமான எண்ணெய நான் பாத்ததில்ல. துணி மேல பழி போடாத" என்றார்.

நயினார் என்னைப் பார்த்தார். நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர், வெப்பம் இன்னும் விரிவடைந்துகொண்டிருப்பது போல வானத்தைப் பார்த்தார்.

நூல் பிடித்து

எஞ்சினின் தலையைக் கழற்றினோம். பிஸ்டன்களின் மேல்பக்கம் யாரோ உளியால் கொத்தியது போல் இருந்தது. ஒன்றில் ஓட்டையே விழுந்திருந்தது. கபூர் பாய் குனிந்து ஒரு வெள்ளித் துண்டை எடுத்தார். ஒரு பக்கம் வளைவு, ஓரம் கத்தி மாதிரி.

"இது பிஸ்டன் இல்ல. வெளியிலேர்ந்து வந்த துண்டு."

கீழே விரித்திருந்த பேப்பரில் அதை வைத்தார். காற்று வருகிற வழியாகவே பின்னோக்கிப் போனார். வளைந்த குழாயில் இன்னும் இரண்டு துண்டு. அப்புறம் நத்தை. அதைத் திறந்ததும் உள்ளே இருந்த காற்றுச் சக்கரத்தில் பாதி இதழ்கள் இல்லை. தண்டைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. வெளியே தட்டி எடுத்தபோது அது கருநீலமாக வெந்துபோயிருந்தது.

"எண்ணெய் வராம வெந்துகீது. தண்டு புடிச்சு, சக்கரம் மோதி ஒடஞ்சு, அந்தத் துண்டுங்கள எஞ்சின் முழுங்கிருக்குது. சரி, எண்ணெய் ஏன் வரல?"

நான் ஸ்பானர் பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடினேன்.

"பரமு, அந்தப் பைப்பைக் கழட்டு. ஊதிப் பாரு, அடைப்பு இருக்குதான்னு."

கழற்றினேன். வரதருக்கு நூற்றெட்டுத் தேங்காய், ஏகாம்பரநாதருக்கு நூற்றெட்டு, சிபாரிசுக்காகக் காமாட்சிக்குத் தனியாக ஒரு நூற்றெட்டு. பயனில்லை. குழாயின் முனையில், துளையை நிறைத்துக்கொண்டு, அரக்கு நிறத்தில் ஒரு சின்னச் சுருள். நான் சுற்றிய எட்டுச் சுற்றில் ஒன்றிரண்டு மரையிலிருந்து பிய்ந்து உள்ளே நகர்ந்து, எண்ணெய் தள்ளத் தள்ளப் பந்தாகி, கடைசித் துளையில் குடியேறியிருந்தது.

ஊதச் சொன்னார். நான் முனையை வாயில் வைத்து உறிஞ்சினேன்.

வந்துவிட்டது. நாக்கின் அடியில் பத்திரமாகத் தள்ளினேன். குழாயை கபூர் பாயிடம் நீட்டினேன். அவர் ஊதினார். காற்று தங்குதடையில்லாமல் மறுபக்கம் போயிற்று.

அவர் நெற்றி சுருங்கியது. "பைப்பு சுத்தமா இருக்குதே. அப்போ எண்ணெய் வந்துக்கினுதான் இருந்திருக்கணும்..."

நயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எண்ணெய் வந்தும் வெந்திருக்குதுன்னா?"

கபூர் பாய் குழாயை இன்னொரு தரம் ஊதிப் பார்த்தார். "அளவுக்கு மேல முடுக்கியிருந்தா... சொல்றதுக்கில்லீங்க."

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அந்தத் தலையில் ஒன்றுமே இல்லை. அடைப்பைத் தின்றது அடைப்போடு முடியாது, அது ஏகாம்பரத்தின் கழுத்தில் போய் இறங்கும் என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது.

ஏகாம்பரம் காக்கிச் சட்டையின் மேல் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார். மில் கொடுத்த சட்டை.

"தம்பி, நீதானே வண்டிய பாத்துக்கறது? நீ சொல்லு. டிரைவர் தப்புதானே?" என்றார் நயினார் என்னிடம்.

இந்த இடத்தில் என் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று எழுத எனக்கு ஆசைதான். உங்களுக்கும் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் விழித்துக்கொண்டது வயிறு. வெந்த எண்ணெயில் மூன்று வாரம் ஊறிய பட்டு நூலை நாக்கின் அடியில் வைத்துப் பாருங்கள். கரி, கசப்பு, நடுவில் ஒரு செம்புத் துரு. "ம்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தச் சின்ன வார்த்தைக்கு அது இடம் கொடுக்கவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. குனிந்தேன்.

பேப்பரில் வரிசையாக வைத்திருந்த உடைந்த பாகங்களுக்கு நடுவில், அதுவும் ஒரு பாகம் மாதிரி, அரக்குச் சுருள் போய் விழுந்தது.

காஞ்சிபுரத்துக் கூட்டம்

அப்போதும் விட்டேனா? வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "பைப்புக்குள்ள இருந்துச்சுங்க. அமெரிக்காவுலயே வெச்சு அனுப்பியிருக்காங்க."

அதுவரை எஞ்சினைப் பற்றி வாய்க்கு வந்ததை உளறிக்கொண்டிருந்த அதே கூட்டம் சட்டென்று பேப்பரின் மேல் குனிந்தது. முன்வரிசையில் நின்ற நெசவாளி கிஷ்டப்பா உட்கார்ந்து அந்தச் சுருளை எடுத்தார். வேஷ்டி முனையில் எண்ணெயை ஒற்றினார். கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து முறுக்கைப் பிரித்தார்.

"இதி மன பட்டுப்பா. நம்ம பட்டு" என்றார்.

பக்கத்தில் இருந்தவர் வாங்கிப் பார்த்தார். "அரக்கு. ரெட்டை இழை."

"சாயம் பாலாத்துத் தண்ணில ஏத்தினது. பளபளப்பைப் பாரு."

"அமெரிக்காவுல பாலாறு ஓடுதாடா?"

"போன மாசம் பிள்ளையார்பாளையத்துல ஒரு அரக்குப் பொடவ அறுத்தாங்களே, மூணாவது சந்துல..."

"இவன் மாமனார் வூடுதாம்பா அது!"

பெட்ரோலா திருஷ்டியா வெப்பமா என்று ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத அத்தனை பேரும், ஒரு விரற்கடை நூலிலிருந்து என் மாமனார் வீட்டுக் கதவு வரைக்கும் ஒரே குரலில் வந்துவிட்டார்கள். அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. சடகோபாச்சாரியாரும் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "பட்டுதான்" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "இன்னும் அந்தப் பழக்கம் விடலையா?" என்றார். பாவி மனுஷர், எட்டாம் வகுப்பிலேயே பார்த்திருக்கிறார்.

சொல்லிவிட்டேன். எட்டுச் சுற்று, வெளிநாட்டு சீல், உறிஞ்சியது, எல்லாவற்றையும். கபூர் பாய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

நயினார் அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் தகரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அவர் சாப்பாட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் என்னை விட்டுவிட்டு ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"சரி, உன் தப்பு இல்ல. சாவிய எடுத்துக்கோ."

ஏகாம்பரம் நகரவில்லை.

"எடுத்துக்கோப்பா."

"நானா வெக்கல மொதலாளி" என்றார் ஏகாம்பரம். குரல் உயரவில்லை. "நீங்க வெக்கச் சொன்னீங்க. இவ்ளோ பேர் எதிர்ல."

முதலாளியிடம் ஒரு டிரைவர் அப்படிப் பேசி எங்கள் ஊர் கேட்டதில்லை. நயினார் செம்பைக் கீழே வைத்தார். எழுந்தார். மட்கார்டு வரைக்கும் நடந்து போய்ச் சாவியை எடுத்தார். அதில் கிரீஸ் பட்டிருந்தது. வெள்ளைத் துண்டால் துடைத்தார். திரும்பி வந்து, ஏகாம்பரத்தின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

ஏகாம்பரம் தலையசைத்தார். கழற்றிய பித்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

நியாயம் என்ற ஒன்றை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. என்னையும் அறியாமல் கை தட்டினேன். பலமாக. நான் ஒருவன்தான் தட்டினேன்.

ஏகாம்பரம் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இன்னாத்துக்குப்பா கை தட்ற?"

கைகளை இறக்கினேன். அவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.